மட்கார்டில் மூன்று தட்டு

தென்னூரில் சவரிநாதன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். சித்திரை வெயில். பழைய பெரிய வீடு. வாசல் வேப்பமரத்தடியில் அந்தக் கறுப்புக் கார் நின்றது. பானெட்டைத் தூக்கினேன். பச்சைப் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. எங்கே ஒழுகுகிறது என்று விரல் விட்டுத் தேடினேன். எங்கும் ஒழுகவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் அது. பாலக்கரையில் எனக்கு ஒரு ஷெட் இருந்தது. நாலாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. ஆனாலும் ஓடுகிற இஞ்சின் பாதியில் நின்றால் அதற்கு இரண்டே காரணம்தான் என்று தெரியும். பெட்ரோல் வரவில்லை, இல்லாவிட்டால் கரண்ட் வரவில்லை. மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறவன் திருடன்.

சவரிநாதன் சுருட்டு வியாபாரி. ஸ்ரீரங்கத்தில் வாழைத்தோட்டம் வைத்திருந்தார். தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் காவேரிப் பாலத்தின் நடுவில் கார் நின்றுவிடுகிறதாம். சாமியாரைக் கூப்பிட்டுக் காரை மந்திரித்தும் பார்த்தாராம். டிரைவர் அம்மாசி தூணோரம் கைகட்டி நின்றான். அவனைக் காட்டிச் சொன்னார்.

"இவன்தான் என்னவோ பண்றான், மேஸ்திரி. எதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. ஸ்டேஷன்ல சொல்லி உள்ள தள்ளிடறேன்."

தெருவுக்கு வந்ததும் அம்மாசி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூன்று பெண்பிள்ளைகளாம். அவன் உள்ளே போனால் அவர்கள் கதி அதோகதியாம். என் வாயிலிருந்து வரும் சொல்லில்தான் தன் உயிர் இருக்கிறது என்றான். அழுகிறவனை நான் நம்புவதில்லை. வண்டியை எடு என்றேன்.

அவனும் நானுமாக நாலு தடவை ஸ்ரீரங்கம் போய்வந்தோம். நிற்கவில்லை. கனம் ஏறினால் நிற்குமோ என்று பின்சீட்டில் இரண்டு மூட்டை மணலை ஏற்றினேன். அப்போதும் நிற்கவில்லை. மணல் மூட்டையும் தானும் ஒன்றா என்று சவரிநாதன் முறைத்தார். மறுநாள் அவரையே ஏற்றிக்கொண்டு போனோம். பாலத்தின் பாதியில், கத்தியால் அறுத்த மாதிரி இஞ்சின் நின்றது.

பெட்ரோல் இல்லாமல் நிற்கிற இஞ்சின் இருமும், குலுங்கும், அப்புறம்தான் நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. கரண்ட்தான் என்று பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நீலப் பொறி பளிச்சென்று பாய்ந்தது. முன்னால் ஹேண்டிலைச் செருகி இருபது தடவை சுற்றினேன். உயிர் வரவில்லை. புழுக்கம் தாங்காமல் சவரிநாதன் திட்டிக்கொண்டே இறங்கினார்.

அடுத்த சுற்றில் பிடித்துக்கொண்டது.

பிளக்குக்குக் கரண்ட் தருகிற காயிலை மாற்றினேன். மறுநாளும் அதே இடத்தில் நின்றது. அவர் இறங்கினதும் பிடித்தது. அம்மாசி எங்கோ சுவிட்சை ஒளித்து வைத்திருக்கிறான் என்று சீட்டைக் கழற்றிப் போட்டுத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அவனை வீட்டிலேயே விட்டுவிட்டு நானே ஓட்டினேன். அப்போதும் நின்றது.

ஒரு சோதனைதான் பாக்கி இருந்தது. பானெட்டைக் கழற்றிவிட்டு, ஓடுகிற வண்டியின் முன் மட்கார்டில் ஒருவன் உட்கார வேண்டும். கையில் இருக்கும் பாட்டிலிலிருந்து டியூப் வழியாக நேரே கார்புரேட்டருக்குப் பெட்ரோல் விட வேண்டும். இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் தகரத்தில் தட்டித்தான் சொல்வோம். ஒரு தட்டு என்றால் மெதுவாக. மூன்று தட்டு என்றால் நிறுத்து. எங்கள் பக்கத்து ஷெட்டுகளில் எல்லாம் இதுதான் வழக்கம்.

இதைச் சொன்னதும் அம்மாசியின் முகம் செத்துவிட்டது. அது மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினான். திருடன் அகப்பட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சிவேளை. பாலத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. கீழே காவேரி வெறும் மணலாகக் கிடந்தது. தார் உருகும் வாடை. பின்சீட்டில் சவரிநாதன். ஸ்டியரிங்கில் அம்மாசி. நான் வலப்பக்க மட்கார்டில் இருந்தேன். பாட்டிலில் பெட்ரோல் குமிழி விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. இஞ்சின் ஒரே சீராக ஓடியது.

தட்டுகிற சத்தம் கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

இடப்பக்க மட்கார்டில்.

அங்கே யாரும் இல்லை.

இஞ்சின் நின்றது.

அந்தத் தகரத்தில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயிலில் காய்ந்து மறைந்தன.

அம்மாசி இறங்கி வந்தான். என் காதோரம் கிசுகிசுத்தான்.

"அது அருள்நாதன்தாண்ணே."

அருள்நாதன் தென்னூரில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக். போன பங்குனியில் இதே பாலத்தில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டதாகத்தான் ஊரில் பேச்சு. அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். அம்மாசி சொன்னது வேறு. அப்போது இந்தக் காரில் நிஜமாகவே பெட்ரோல் கோளாறு இருந்ததாம். அருள்நாதன் இதே இடப்பக்க மட்கார்டில் பாட்டிலோடு வந்தானாம். பிடி நழுவி விழுந்தானாம். சக்கரம் இடுப்பில் ஏறிவிட்டது. உயிர் இருந்தது. தண்ணீர் கேட்டான்.

"முதலாளி இறங்கவே இல்லண்ணே. கண்ணாடிய ஏத்திக்கிட்டு, ஓட்டுடான்னுட்டார்."

நான் பின்கதவுக்குப் போனேன். இஞ்சினை ஓட வைக்கும் வழி எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் சொன்னேனா, வேறு எதற்காகவாவதா என்று கேட்டால், இன்றைக்கும் என்னை நானே நம்புவதில்லை.

"இறங்குங்க ஐயா," என்றேன்.

முனகிக்கொண்டே இறங்கினார். பஸ் ஏதாவது வருகிறதா என்று பார்க்கக் காருக்குப் பின்னால், கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றார். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக்கை நானே இறுக்க இழுத்துப் போட்டேன். அம்மாசி முன்னால் குனிந்து ஹேண்டிலைப் பிடித்தான். அவன் தோளை ஒட்டி நான் நின்றேன்.

அரைச் சுற்றுதான். இஞ்சின் பிடித்தது.

கார் பின்னால் போயிற்று.

ஹேண்டில் அவன் கையிலேயே நின்றுவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆளில்லாத சீட்டுக்கு முன்னால் ஸ்டியரிங் திரும்பிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், இடம் பார்த்து வண்டியை ஓரம் கட்டுகிறவன் திருப்புகிற மாதிரி. சவரிநாதன் ஒருமுறைதான் கத்தினார்.

அவரைச் சுவரோடு வைத்து அழுத்தியபடி இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. பிளக் வயர்களைப் பிடுங்கி எறிந்தேன். நிற்கவில்லை. அவருடைய மூச்சு நின்ற பிறகுதான் அது நின்றது.

போலீஸ் அம்மாசியைப் பிடித்துக்கொண்டு போயிற்று. முதலாளிக்கும் அவனுக்கும் ஆகாது என்று ஊரே அறியும், தூக்குக்கே போவான் என்றார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போய், வண்டி நகர்ந்தபோது அவன் முன்னால் என்னோடு நின்றான், அவன்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விட்டுவிட்டார்கள். என் காலில் விழுந்துவிட்டுப் போனான்.

ஒரு தப்பும் இல்லை என்று சொன்னது நான் மட்டும்தான். அவன் தன் வாயால் சொல்லவில்லை.

அடுத்த தை மாதம் ஒரு நடுப்பகல். சைக்கிளில் வந்த ஒருவர் ஷெட்டு வாசலில் காலூன்றி நின்றார். பாலத்து நடுவில் ஒரு டாக்சி நின்றுபோயிருக்கிறது, டிரைவர் இறங்க மாட்டேன் என்கிறான், உங்கள் பேரைத்தான் சொல்கிறான் என்றார்.

போனேன். கார் வேறு. நிறம் வேறு. இஞ்சின் வேறு.

இடம் அதேதான்.

பின்னால் நாலு மாட்டுவண்டிகள் மறிபட்டுக் கிடந்தன. வண்டிக்காரர்கள் சேர்ந்து தள்ளியும் கார் அங்குலம் நகரவில்லையாம். டாக்சி டிரைவர் அம்மாசிதான். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தை மாசத்துக் காற்றிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கினான்.

"முதலாளி ஓட்டச் சொன்னது அருள்நாதன் விழுந்த பொறவுதாண்ணே. அதுக்கு முந்தியே தட்டினான். மூணு தட்டு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"ஏன்டா நிறுத்தல?"

"எனக்கு வண்டியே ஓட்டத் தெரியலன்னு ஒரு வாரமா எல்லார் முன்னாலயும் நக்கல் பண்ணான். கொஞ்ச நேரம் பயந்து சாகட்டும்னு நெனச்சேன்."

என் கையெழுத்து ஸ்டேஷனில் இருக்கிறது.

"இப்ப எறங்கு எறங்குங்கறாண்ணே. காதுக்குள்ளயே சொல்றான். நான் எறங்க மாட்டேன்."

உள்ளேயே இரு, என்ன ஆனாலும் கதவைத் தொடாதே என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். மாட்டுவண்டிக்காரர்கள் கெட்ட வார்த்தையில் ஏசிக்கொண்டிருந்தார்கள். வேறு வழி தெரியாமல் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போய்க் குனிந்தேன்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. பத்துவரை சுற்றினேன். உயிர் வரவில்லை. அதை வைத்தே அவன் உள்ளே பத்திரமாக இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

பதினோராவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

வண்டிக்காரர்களின் சத்தம் ஒரேயடியாக அடங்கியது.

நான் தலையை நிமிர்த்தவில்லை. இந்த இடத்தில் ஆள் இறங்கினால்தான் இஞ்சின் பிடிக்கும். கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.