தூளி ஏறிய மலை

தூளி நின்றிருந்தது. நடை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

கோதண்டராமன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜோகுபாளையத்து வாடகை வீட்டின் மாடிப் போர்ஷனில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். கூரைக் கொக்கியில் மனைவி கிருத்திகாவின் பழைய சேலை தூளியாகத் தொங்கியது. பாப்பா அதற்குள் இல்லை, ஏப்பம் விடுவதற்கு முன்பே அம்மாவின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். தூளியின் மேல்முடிச்சில் அவன் கட்டிவைத்திருந்த ஸ்மார்ட் வாட்ச் இம்மியும் அசையவில்லை. போனிலோ அவன் பெயர் எழுதிய நீலப் புள்ளி, ஒரு மாட்டுத்தொழுவத்தைத் தாண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

சிங்க் ஆக லேட்டாகிறது என்று முடிவு கட்டினான். சல்லிக் காசு பெறாத ஆப்.

அந்த ஆப்பின் வரலாறு அவன் வேலை பார்த்த கம்பெனியின் மற்ற வரலாறுகளைப் போலவே மட்டமானது. ஊழியர்களை நாளெல்லாம் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அவர்களுக்கு ஏன் தொப்பை விழுகிறது என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு, எல்லோரும் நடக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது. கிளையன்ட்டின் தலைமை அலுவலகத்துக்குப் பக்கத்தில், ஆல்ப்ஸ் மலையில், க்ரௌன்பாக் என்று ஒரு குக்கிராமம் இருந்தது. எச்ஆர் வீணா அந்தப் பெயரை வாரத்துக்கு ஒரு விதமாக உச்சரித்தாள். அதைச் சுற்றியுள்ள மலைப்பாதைகள் எல்லாம் ஆப்பில் ஏறின. வாட்ச் கட்டிக்கொண்டு பெங்களூரில் நடந்தால் புள்ளி அங்கே நடக்கும். எல்லாப் பாதைகளையும் முதலில் முடிப்பவரை நிஜமாகவே அந்த ஊருக்கு அனுப்புவார்கள். போகிறவர் அங்கேயே ஒரு ப்ராஜெக்டில் ஒட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சும் இருந்தது. தனக்குக் கீழே வேலை கற்றவர்கள் எல்லாம் விமானம் ஏறுவதை வழியனுப்பியே சலித்துப்போன கோதண்டராமனுக்கு அது வேண்டும். ரொம்ப வேண்டும்.

ஆனால் நடப்பதா? நடப்பவர்களைக் கண்டால் அவனுக்குக் குமட்டியது. டீம் லீட் சுந்தரேசன் விடியுமுன் அல்சூர் ஏரியைச் சுற்றிவிட்டு, 'இன்று க்ரௌன்பாக் பால்பண்ணை வரை' என்று குரூப்பில் போடுவார், ஏதோ எவரெஸ்ட்டில் கொடி நட்டதுபோல. மர்பி டவுன் ஆம்ப்ரோஸ் பஸ்ஸை விட்டு முன்கூட்டியே இறங்கி வியர்வையில் ஊறி வந்தான். மூளை இல்லாதவனுக்குக் கடவுள் கொடுத்தது கால் என்பது கோதண்டராமனின் அபிப்பிராயம். வாட்ச்சுக்குத் தூளி ஆடும் ஆட்டமும் நடப்பவன் கைவீச்சும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்த நாளில் அவனுக்குத் தன்மேலேயே மரியாதை பிறந்தது. கிருத்திகா கால் விரலில் கயிற்றை மாட்டி இழுத்தாள், பாப்பா தூங்கினாள், இவன் மலையேறினான்.

அந்த வாரத்தில் தூளியிலிருந்து ஒரு வாசனை வரத் தொடங்கியது. பாலும் பவுடரும் மூத்திரமும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில், ஈரமரத்தின் பிசினும், கிறிஸ்துமஸ் நேரத்தில் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் விற்கும் மரக்கன்றுகளின் பச்சை நெடியும், ஐஸ்பெட்டியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் குளிரும். சேலைத்துணியைத் தொட்டால் சில்லென்றிருந்தது. மழைக்காலம், துணி காயவில்லை என்றான். அவனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு அலட்சியமான பதில் இருந்தது.

இன்னும் தவழக்கூடக் கற்காத குழந்தையின் ஆடுசதை இறுகிக்கொண்டு வந்தது. டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு நன்றாக வளர்கிறாள் என்று சொல்லி அனுப்பினார்.

கிருத்திகா அதில் சமாதானம் ஆகவில்லை. "தூங்கி எழுந்த குழந்தை மாதிரியா இருக்கா? எங்கியோ வேலைக்குப் போயிட்டு வந்தவ மாதிரி வாடி எழுந்துக்கறா. தூக்கத்துல கால பாருங்க."

பார்த்தான். துணிக்கு உள்ளே, இடது கால். வலது கால். மறுபடி இடது. உதைப்பு இல்லை. அவசரமும் இல்லை. தூரம் தெரிந்தவர்கள் நடக்கிற நடை.

"கனவு காணுது," என்றான்.

"தூளிய கழட்டிடலாங்க. பாய்லயே படுக்கட்டும்."

ஒரே ஒரு பாதைதான் பாக்கி, முடியட்டும் என்று அவன் கெஞ்சியதில் அவளுக்கு ஆச்சரியம். அவன் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

மறுநாள் சுந்தரேசன் போன் செய்தார். குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை.

"குரு, நீ எந்த வழியா போற? அங்க ரூட்டே இல்லியே. பனி விழுந்தா மூடிடுவோம்னு போர்டு போட்ருக்கான். உன் பின்னாடியேதான் வர்றேன், பிடிக்கவே முடியல."

"நடக்கணும் சார். சும்மனே பேசிட்டிருந்தா ஆகுமா?"

ஆப்பில் வளைவுக்கு வளைவு ஒரு படம் வரும், எல்லோருக்கும் ஒரே படம். கடைசி வளைவில் எடுத்ததை சுந்தரேசன் அனுப்பியிருந்தார். பாறை, மரவேலி, வெள்ளைப் பனி. கோதண்டராமன் தன் போனில் அதே வளைவைத் திறந்தான். பாறை, மரவேலி, பனி. பனிமேல் காலடிகள். பெரிதாக்கிப் பார்த்தான். வெறுங்கால். மரவேலியோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றும் அவன் சுட்டுவிரல் நீளம்தான் இருக்கும். ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்து, வரிசையாக, மேலே.

ஏதோ குழந்தைகள் தின அலங்காரம் என்று நினைத்துக்கொண்டான். வீணாவின் கேவலமான ரசனை. அப்படி நினைத்த பிறகும் எழுந்து தூளியிடம் போனான். வாட்ச்சை அவிழ்த்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினான். புள்ளி நிற்கவில்லை. பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டு எழுப்பினான். நின்றது.

அப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பின்னால் யாரிடமும் அவன் சொல்ல முடியாது.

மலைமேல், கணவாயில் நிற்கும் சிலுவை வரை போனால் போதும். அதோடு பாதைகள் தீர்ந்தன. கொஞ்சதூரம்தான். குழந்தைக்கும்தானே நல்ல ஊர், நல்ல காற்று, நல்ல பள்ளிக்கூடம்.

சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. காயப்போட்ட துணிகளை எடுக்கக் கிருத்திகா மொட்டைமாடிக்கு ஓடினாள். கோதண்டராமன் பாப்பாவைத் தூளியில் போட்டான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கயிற்றைத் தானே பிடித்தான்.

இழுத்தான். புள்ளி நகர்ந்தது.

தெருவில் ஆட்டோக்களின் ஹாரனும், கீழ்வீட்டுக் குக்கர் விசிலும், ஜன்னல் தகரத்தில் விழுந்த முதல் தூறலும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் தூளிக்குள்ளிருந்து ஒரு காற்று மட்டும் கேட்டது. உயரமான இடத்துக் காற்று. அதற்குள் எங்கோ தொலைவில் மாட்டுமணி.

கயிறு கனத்தது. இரண்டு கையாலும் இழுத்தான். கொக்கி முனகியது. புள்ளி சிலுவையைத் தொட்டது.

போன் கைதட்டியது. வண்ணக்காகிதம் திரையில் கொட்டியது. குரூப்பில் வீணா வாழ்த்தினாள், ஆம்ப்ரோஸ் வாழ்த்தினான்.

கோதண்டராமன் கயிற்றை விட்டான்.

தூளி நிற்கவில்லை.

புள்ளி சிலுவையைத் தாண்டியது. வரைபடத்தின் விளிம்பைத் தாண்டியது. அந்தப் பக்கம் பாதை இல்லை, பெயர் இல்லை. சாம்பல் நிறம் மட்டும்.

துணியை விலக்கினான்.

பாப்பா விழித்திருந்தாள். கன்னம் வெயிலும் பனியும் தின்று கறுத்திருந்தது. உதடு வெடித்திருந்தது. மூச்சு வெள்ளையாக வந்தது. உள்ளங்கால்கள், நேற்றுவரை அவன் முத்தமிட்ட உள்ளங்கால்கள், தடித்து, பித்தவெடிப்பு ஓடி, அறுபது வயதுக் கால்களாக இருந்தன. அவை நடந்துகொண்டிருந்தன.

"பாப்பா."

அவள் பார்த்தாள். நடந்து வந்தவர்கள், ஓரமாக உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கிற பார்வை. ஒரு கணம்தான். பிறகு அவனுக்குப் பின்னால், தூரத்தில் எதையோ.

அள்ளி எடுத்தான். நெஞ்சோடு அணைத்தான். கால்கள் நிற்கவில்லை. ஒரு கால் அவன் வயிற்றில் ஊன்றியது. மற்றது விலாவில். பெரிய ஆளின் கனம். இறுக்கிப் பிடித்தான். மாடிப்படியில் கிருத்திகா இறங்கி வரும் சத்தம்.

அவன் வெள்ளைச் சட்டையில் ஈரமான சின்னக் காலடிகள். சேறும் பனியுமாக. ஒன்றன்மேல் ஒன்று. இடது. வலது. தோளைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், அவள் மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.