மறுப்பாளர் அட்டை

"பொய்யா மறுக்கலாங்களா?" என்று அன்று அவள் கேட்டாள்.

"பொய்யா இருந்தாலும் மெய் மாதிரி மறுக்கணும்," என்றான் சபரீஷ். "உங்க முகத்தப் பார்த்தா எங்களுக்குப் பயம் வரணும். அதுதான் ஆட்டம்."

"மறுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னா?"

"கண்டுபிடிங்க. கல்யாண வீட்ல சாம்பார்ல குறை கண்டுபிடிக்கறாங்கல்ல, அந்த மாதிரிதான்."

பூங்கோதை சரவணம்பட்டி அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்த பேச்சு அது. சபரீஷ் அப்போது அவளுக்குக் குழுத்தலைவன் மட்டுமே, கணவன் இல்லை. ஐந்து வருடம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் பல் துலக்கும்போதுகூட அந்தப் பேச்சு அவள் காதில் ஓடுகிறது.

ஒரு காலத்தில் மென்பொருள் குழுக்களில், "தயார்" என்று தலைவன் சொன்னால் எல்லாத் தலைகளும் ஆடும். தப்பு தெரிந்தவனும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அந்தத் தலையாட்டலுக்கு மருந்தாக வந்ததுதான் முடிவுக்களம். பார்ப்பதற்குச் சாதாரண வட்ட மேசை. ஒரு வருட வேலையை ஒரு மணி நேரத்தில் ஆடிக் காட்டும். எடுத்த முடிவு எங்கே கொண்டுபோய்விடும் என்று கண்முன் விரிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் யாராவது ஒருவர் முன்னால் மறுப்பாளர் அட்டை ஒளிரும். அவர் மற்ற எல்லோரையும் எதிர்த்துப் பேசியாக வேண்டும். குறுக்கே பேசாமல் கேட்டால் குழுவுக்குப் பத்துப் புள்ளி. பிறகு வாக்கெடுப்பு.

பயம் போயிற்று, பிழைகள் பாதியாகக் குறைந்தன. கடைசியில் ஆட்டத்தோடு நிற்கவில்லை. உண்மையான வெளியீடுகளையும் அதே மேசையில் 'மெய்ச்சுற்று' என்ற பெயரில் முடிவு செய்தார்கள். மறுப்பு ஒன்று பதிவாகாமல் எந்த மருத்துவக் கருவியின் மென்பொருளும் வெளியே போகக் கூடாது என்று விதியே வந்துவிட்டது.

பூங்கோதையைப் போல மறுக்க ஆள் இல்லை. கருவிக்குள் எறும்பு புகுந்து ஒரு குழந்தை சாகப் பார்த்த கதையை ஒருமுறை அவள் சொல்ல, குழுவில் இளையவனான டேனியல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அத்தனையும் அந்த நிமிடத்தில் கட்டியது. "நீங்க மறுக்கறத நாளெல்லாம் கேக்கலாம் போல," என்றான் சபரீஷ். அடுத்த ஆவணியில் கல்யாணம். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதற்குக்கூட, "மறுப்பு உண்டா கோதை?" என்று கேட்பான். அவளும் சிரித்துக்கொண்டே நாலு காரணம் சொல்வாள். கட்டில் அவன் சொன்ன பக்கம்தான் கிடக்கும்.

சிறுநீரகம் கெட்டவர்கள் வீட்டிலேயே ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் கருவி, குருதிவடிப்பான். அதற்குத்தான் அவர்கள் மென்பொருள் எழுதினார்கள். தேவையில்லாமல் அபாய மணி அடிக்கிறது என்று புகார் வந்ததால், புதிய பதிப்பில் இருபது நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு அடிக்கும்படி மாற்றியிருந்தார்கள்.

வெளியீட்டு நாள் காலையில் பூங்கோதை சும்மா பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தாள். பதினொரு தடவை பார்த்தாள். பதினொரு தடவையும் மணி அடிக்கவில்லை.

மெய்ச்சுற்றில் அட்டை அவள் முன்னால்தான் ஒளிர்ந்தது.

"கரண்டு விட்டு விட்டு வந்தா அந்த இருபது நொடி மறுபடி முதல்ல இருந்து எண்ணுது. மழைக்காலம். ஊர்ப்பக்கம் கரண்டு எப்படி இருக்கும்னு தெரியும். டியூப் கழண்டு ரத்தம் போனாலும் மணி அடிக்கவே அடிக்காது. வேண்டாங்க."

"அக்கா, எறும்பவிட இது பிரமாதம்," என்றான் டேனியல்.

"டேனி, இது ஆட்டம் இல்ல. நிஜமாவே சொல்றேன்."

"போன மாசமும் 'நிஜமாவே'ன்னுதான் சொன்னீங்க. அன்னிக்கும் நம்பிட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைச் சற்றே சாய்த்து, ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

மேசை பச்சையாக ஒளிர்ந்தது. "மறுப்பு முழுமையாகக் கேட்கப்பட்டது. பத்துப் புள்ளி." கைதட்டினார்கள். சபரீஷும் தட்டினான். தன் பயமே நடிப்புதானோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. அந்தக் கணத்தில் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஐந்துக்கு ஒன்று.

வீட்டில் மறுபடி சொன்னாள். "சுற்று முடிஞ்சிருச்சு கோதை," என்றான். மேலிடத்துக்கு எழுதினாள். 'தங்கள் மறுப்பு ஏற்கெனவே பதிவாகியுள்ளது, நன்றி' என்று பதில் வந்தது.

பத்தொன்பதாம் நாள், கோபி டவுனுக்குப் பக்கத்தில் டெய்லரிங் கடை வைத்திருந்த ரங்கநாயகி என்ற அம்மாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கருவியோடு படுத்தவள் கண்ணயர்ந்துவிட்டாள். மழை. விளக்கு அணைவதும் எரிவதுமாக இருந்தது. மகன் பக்கத்து அறையில் மணிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். மணி அடிக்கவில்லை.

விசாரணை வந்தது. மறுப்பு கேட்கப்பட்டிருக்கிறது, வாக்கெடுப்பு முறைப்படி நடந்திருக்கிறது, யார் மேலும் குற்றமில்லை என்று அறிக்கை சொன்னது. அதுவரை சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்த சபரீஷ், அன்று ரசத்துக்கு இரண்டு முறை சோறு கேட்டு வாங்கினான். "நாம செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சோம். நீ சொன்னதக் கேட்டோமில்ல," என்றான்.

அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்று இருந்தது. அந்தச் சாவிலிருந்து நாலு மாதமாகக் கேட்காமலே வைத்திருந்தாள். வாயைத் திறந்தாலே அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்க உட்கார்ந்துவிடுவான். மேசை சொல்லிக் கொடுத்த முகம் அது. அந்த முகத்திடம் என்ன சொன்னாலும் பத்துப் புள்ளிதான் கிடைக்கும். உப்பு போதுமா என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

நிறுவனம் அந்தச் சாவைப் புதிய பயிற்சிச் சுற்றாக்கி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பியது. அதில் ரங்கநாயகிக்குப் பெயர் கிடையாது, 'நோயாளி அ'. பூங்கோதையின் குரல் மட்டும் அப்படியே இருந்தது, சிறந்த மறுப்புக்கு எடுத்துக்காட்டாக.

இன்று அந்தச் சுற்று அவர்கள் மேசைக்கே வந்தது. அட்டை டேனியலுக்கு விழுந்தது. "நோயாளி அ-வுக்கு ஒரு மகன் இருக்கான்னு வச்சுக்குவோம்," என்று அவன் தழுதழுத்த குரலில் ஆரம்பித்தான். நன்றாகவே பேசினான்.

பூங்கோதை எழுந்து நின்றாள்.

"எனக்கு அட்டை வரலீங்க. ஆனா ஒண்ணு கேக்கணும்."

மேசை பச்சையாக ஒளிர்ந்தது. "அட்டையின்றி எழுந்த மறுப்பு. இருபது புள்ளி." எல்லோரும் கைதட்டினார்கள். சபரீஷ் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

அவள் கைதட்டல் ஓயும்வரை நின்றாள். பிறகு மேசையைச் சுற்றி நடந்து, அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போய், சமையலறையில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"ஏனுங்க, கோபிக்குப் போலாம் வாங்க. அந்தம்மா பேரு ரங்கநாயகி. அவங்க மகன்கிட்ட, 'என்ற பொண்டாட்டி வேண்டாம்னு கெஞ்சினா, நான் உக்காந்து கை தட்டினேன்'னு உங்க வாயால சொல்லுங்க."