ஏழாவது எல்லைக்கல்

காலை ஒன்பது மணிக்கு எட்டாம் வகுப்பு மாணவர்களின் கைபேசிகள் ஒன்றாக அதிர்ந்தன. அன்றைய தேடுபாடம் வந்துவிட்டது. வகுப்பிலிருந்து பெஞ்சுகளை எடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இப்போது பாடம் என்றால் குறிப்பைப் படித்துவிட்டு ஊருக்குள் ஓடுவது, கேட்ட பொருளைக் கண்டுபிடிப்பது, சான்றுக்கண் என்ற கைபேசிச் செயலியில் படம் எடுப்பது.

சான்றுக்கண், எடுத்த இடத்தையும் நேரத்தையும் படத்தோடு சேர்த்துப் பூட்டிவிடும். பழைய படத்தைக் காட்டி யாரும் ஏமாற்ற முடியாது. பிள்ளைகள் காப்பியடிக்கிறார்கள் என்று மேலிடத்துக்கு எழுதி, அந்தப் பூட்டைக் கேட்டு வாங்கியவர்களில் புவியியல் ஆசிரியை எஸ்தரும் ஒருவர்.

அன்றைய பாடத்தை எழுதியதும் அவர்தான். 'இங்கே ஒரு குளம் இருந்தது. அதன் ஏழு எல்லைக்கற்களைத் தேடுங்கள்.'

ஆறு கற்கள் மதியத்துக்குள் கிடைத்துவிட்டன. ஏழாவதைக் கண்டுபிடித்தவள் பேச்சியம்மாள். அவள் வீட்டுச் சமையலறையில் தண்ணீர்க் குடம் வைத்திருந்த கல்தான் அது. அவள் அம்மா குடத்தை இறக்கி, எழுத்து தெரியும்படி ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தாள். பேச்சிக்கு நூற்றுக்கு நூறு.

அடுத்த மாதம் நில அளவை அலுவலகத்திலிருந்து எஸ்தரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு வரைபடத்தை விரித்தார். ஏழு புள்ளிகள், அவற்றை இணைத்து ஒரு சிவப்புக் கோடு, கோட்டுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

"எல்லாம் குளத்து நிலத்துல கட்டுன வீடு, இடிக்கணும். படம் உண்மைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"சார், இது பாடத்துக்கு எடுத்த படம்."

"தெரியும் டீச்சர். இருபது வருஷமா அளக்கப் போன எங்க ஆளுங்கள ஊருக்குள்ளயே விடல. பிள்ளைங்கள யாரு தடுப்பா?"

"அழிச்சிருங்களேன்."

"சான்றுக்கண் படத்த நானே நெனச்சாலும் அழிக்க முடியாது. நீங்க தப்புன்னு சொன்னாத்தான் உண்டு."

எஸ்தர் கையெழுத்துப் போடவில்லை. பேருந்தில் உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்து, ஏழாவது கல்லுக்கு எதிரே 'பொய்ச் சான்று' என்று பதிந்து பூஜ்யம் போட்டார். ஒரு கல் குறைந்தாலும் எல்லைக் கோடு மூடாது. பதினெட்டு வருட வேலையில் ஒரு பிள்ளைக்கு அவர் வேண்டுமென்றே செய்த முதல் அநியாயம் அது. நாளைக்குப் பேச்சியின் அம்மாவிடம் காரணத்தை நேரில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பள்ளி வாசலில் பேச்சி காத்து நின்றாள். அழுது வீங்கிய கண்கள். ஆனால் சிரித்தாள்.

"டீச்சர், நான் ஏமாத்திட்டேன்னு நேத்து மெசேஜ் வந்துச்சு. ஆறு மணிக்குள்ள திரும்ப நிரூபிக்கலாம்னு போட்டிருந்துச்சு. அம்மாவுக்குக் கோவம் வந்துட்டு. எம்புள்ளையா பொய் சொல்லுவான்னு கடப்பாறைய எடுத்துத் தரையவே பேத்துட்டா. கல்லு முழுசா தெரியுத மாதிரி நாலு பக்கமும் எடுத்தேன். நூறும் திரும்பக் கெடச்சிட்டு!"

எஸ்தர் தன் கைபேசியைத் திறந்தார். 'மேல்முறையீடு ஏற்கப்பட்டது. சான்று இறுதியானது. ஆசிரியர் கையெழுத்து இனித் தேவையில்லை.'

"நான் பொய் சொல்லலல்லா, டீச்சர்?"

"இல்லம்மா. உண்மையத்தான் சொன்ன." எஸ்தர் கைபேசியை மூடினார். "உங்கம்மா வீட்டுல இருக்காங்களா? நான் பாக்கணும்."

பேச்சியின் முகம் மலர்ந்தது.

"அம்மாவப் பாராட்டவா, டீச்சர்?"