ஜோடி டவரின் பாதிப் பாலம்

பத்தடி நடந்தாயிற்று. இன்னும் கூப்பிடவில்லை.

இல்மா திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய கடை வீதி ஜவுளிக்கடையில் தவழ்ந்து வளர்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? ஆட்டோக்காரர் இருநூறு சொன்னார். இவள் நூற்றிருபது என்றாள். கட்டாது என்றார். "அப்பச் சரிங்க" என்று சொல்லி நடையைக் கட்டிவிட்டாள். இனி அவர் கூப்பிட வேண்டியதுதான் பாக்கி. அதுவரை நடை மட்டும் கொஞ்சம் மெதுவாக இருக்க வேண்டும்... கண் முன்னாலும் காது பின்னாலும்.

காந்திபுரத்தில் மழை தூற ஆரம்பித்தது. 'ஏனுங்க அம்மணி' வரவில்லை. ஆட்டோ கிளம்புகிற சத்தம்தான் வந்தது.

திரும்பினால்... உள்ளே ஒருத்தன்! மடியில் சின்ன மோட்டார் பம்ப் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

"ஏனுங்க! அது நான் பேசிட்டிருந்த வண்டிங்க!"

"நீங்கதான் போயிட்டீங்களேங்க..."

"போகலீங்க. நடந்துட்டிருந்தேன்."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"யாவாரம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்!"

அவன் சிரித்தான். இமையில் ஒரு மழைத்துளி... விழவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றதை இல்மா வெகுநாள்வரை தன்னிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

"எங்க அத்தா உக்கடத்துல இரும்புக்கடைங்க. நீங்க நடைய மெதுவாக்குனீங்க பாருங்க, அப்பவே நம்ம யாவாரச் சாதிசனம்னு தெரிஞ்சுபோச்சு. ஏறுங்க, ஆளுக்குப் பாதி."

"நான் சொன்ன வெலையில பாதிதான் குடுப்பேன்."

"சரி, மீதிய என் வாய்க்கொழுப்புக்கு அபராதமாப் புடிச்சுக்குங்க."

அவன் பெயர் ரிஃபத். பம்ப் கம்பெனியில் விற்பனை. இவள் துணி ஏற்றுமதி அலுவலகத்தில் விலை பேசுகிறவள். டவுன்ஹாலில் எங்கே இறங்கவேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டபோது இரண்டு வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது... "ஜோடி டவர்!"

டவுன்ஹாலுக்குப் பின்னால் அந்தக் கட்டடத்தைத் தெரியாதவர் யார்? கழிவுப் பஞ்சு வியாபாரத்தில் கூட்டாளிகளான கண்ணையாவும் சுப்பையனும் பழைய கிட்டங்கி ஒன்றை வாங்கி இடித்து, அச்சு அசலாக இரண்டு டவர் எழுப்பினார்கள். கிழக்கு அவருக்கு, மேற்கு இவருக்கு. முதல் மாடி உயரத்தில் இரண்டையும் சேர்க்க ஒரு பாலம். இந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டது, அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீண்டது... நடுத்துண்டு யார் செலவு என்ற இடத்தில் நின்றது. காலையிலிருந்து பேசினார்கள். கடைசியில் கண்ணையா துண்டை உதறித் தோளில் போட்டு, "அப்பச் சரிங்க, உங்க இஷ்டம்" என்று எழுந்து நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். சுப்பையனும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"கூப்புட்டிருந்தாத் திரும்பியிருப்பேன்" என்று சாகும்வரை சொன்னார் ஒருவர். "திரும்பியிருந்தாக் கூப்புட்டிருப்பேன்" என்றார் மற்றவர். இரண்டு பாதிப் பாலங்களும் புறாக்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

ரிஃபத் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், "ரெண்டும் லூசுங்களா?" என்று இல்மா ஆட்டோ குலுங்கச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரிப்புக்கு அன்று வாடகை இல்லை.

கிழக்கில் அவன் கம்பெனி ஜன்னல், மேற்கில் இவள் அலுவலக ஜன்னல். நடுவில் பாலம் என்று பேர் வைத்துக்கொண்டிருந்த காற்று. அவன் தன் பக்கத்துப் பாதியில் கம்பு இறைப்பான். புறாக்கள் அங்கே தின்றுவிட்டு இந்தப் பக்கம் வந்து அசுத்தம் செய்யும். "தீனி உங்களுது, கழுவறது நானா?" என்று சண்டை. சாயங்காலம் பாலத்தடியில் பாவாத்தாளின் டீக்கடையில் சமாதானம். இவள் கண்ணாடி டம்ளரை உதட்டில் வைக்கும்போதெல்லாம் அவன் கண்... இவள் பார்த்தால் அடுப்பைப் பார்க்கும்.

ஐப்பசியில் ஒரு நாள் அந்தக் கண் அடுப்பைவிட்டு நகரவேயில்லை.

"பொள்ளாச்சியில பொண்ணு பாத்திருக்காங்க. அத்தா கேக்கறாரு... என்ன சொல்லட்டுங்க?"

'வேண்டாம்னு சொல்லுங்க.' தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் பிடித்த சரக்கைக் கையில் தொட்டுக் காட்டினால் கடைக்காரன் விலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான் அல்லவா? அவனே சொல்லட்டும். அவன் வாயால் முதலில் வரட்டும்...

"நல்ல எடம்னா முடிச்சுப்போடுங்க. இதுக்கெல்லாம் என்னையக் கேக்கோணுமா?"

"முடிச்சுப்போடவா?"

"அப்பச் சரிங்க" என்று எழுந்தாள். நடந்தாள். மெதுவாக... மிக மெதுவாக. கண் முன்னால், காது பின்னால். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

மறுநாளிலிருந்து கிழக்கு ஜன்னலில் திரை. புறாக்கள் பசியோடு இவளைப் பார்த்தன. 'அவரு மொதல்ல பேசட்டும்' என்று இவள் புறாக்களிடம் சொன்னாள்.

இரண்டு டவரையும் ஒரே ஆள் வாங்கிவிட்டார் என்ற செய்தி கார்த்திகையில் வந்தது. வாங்கியவர் முதல் வேலையாகப் பாதிப் பாலங்களை அறுத்து எறியச் சொல்லிவிட்டார். விடிந்தால் மிஷின் வருகிறது. பாவாத்தாள் அடுப்பை ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. மேற்குப் பாதியின் அடியில் இல்மா ஒதுங்கினாள். கிழக்குப் பாதியின் அடியில்... அவன்.

நடுவில் இருந்த சந்து வழியாக மழை திரையாக இறங்கியது.

"நிச்சயம் ஆயிடுச்சுங்க" என்றான். "அத்தா வாக்குக் குடுத்துட்டாரு. நானும் சரின்னுட்டேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு விரியவில்லை.

"அன்னிக்கு நீங்க திரும்புவீங்கன்னு பாத்தனுங்க. டீ ஆறித் தோல் கட்டுற வரைக்கும் பாத்தேன்."

"நீங்க கூப்புடுவீங்கன்னுதாங்க நான் நடந்தேன்..."

"கண்ணையாவும் சுப்பையனும் செத்துப்போனாங்கன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்!" என்றாள் பாவாத்தாள், பால் சட்டியைத் துடைத்துக்கொண்டே.

யாரும் சிரிக்கவில்லை.

"இல்மா... புடிச்சிருந்துச்சுங்களா?"

"புடிச்சிருந்துச்சுங்க. ஆட்டோவுல ஏறுனப்பவே. உங்க கண்ணுல ஒரு துளி நின்னுச்சு பாருங்க... அப்பவே. இப்பவும் புடிச்சிருக்கு."

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒரு விலையைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

அவன் மழைக்குள் இறங்கினான். சட்டை உடம்போடு ஒட்டியது. "எனக்கும்தாங்க. நான் போயி அத்தாகிட்டச் சொல்லிப்போடறேன். வேண்டாம்னு..."

'சொல்லுங்க' என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். அவளுக்குப் பக்கத்திலேயே இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள்... பொள்ளாச்சியில் யாரோ ஒரு பெண், பெயர்கூடத் தெரியாது. சரி என்ற சொல்லை நம்பி, புதுச் சேலையை மடித்து வைத்திருப்பவள்.

"பேரம் பேசுறப்ப என்ன வேணா பேசலாமுங்க. சரின்னு சொன்னதுக்கப்பறம் மாத்துற ஆளு எனக்கு வேண்டாம்."

"இல்மா..."

"மாத்தாத ஆளுன்னுதாங்க புடிச்சுது."

அவள் நடந்தாள். பத்தடி போயிருக்க மாட்டாள்.

"ஏனுங்க இல்மா!"

கூப்பிட்டுவிட்டான். அடித்தொண்டையிலிருந்து, மழையைக் கிழித்துக்கொண்டு... எத்தனை சாயங்காலம் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருந்த கூப்பாடு! இல்மா திரும்பவில்லை. இந்த முறை நடையை மெதுவாக்கவும் இல்லை. ஏறக்குறைய ஓடினாள்.

வாசலில் ஒரு ஆட்டோ நின்றது.

"மழைங்க அம்மணி... இருநூறு ஆகுமுங்க."

"சரிங்க" என்று ஏறி உட்கார்ந்தாள்.

ஆட்டோக்காரர் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் பார்த்தார். "கொறைச்சுக் கேக்கலீங்களா?"

"எடுங்கண்ணா" என்றாள் இல்மா.