கை படாத செடி

விநாயகர் சதுர்த்தியன்று காலை ஆறரை மணிக்கு, அந்தக் கோயமுத்தூர்க் குடியிருப்பின் ஐம்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் ஈரத்தலையோடு தங்கள் புல்தரையில் குனிந்து அருகம்புல் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஐம்பத்தெட்டுக் களைநண்டுகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

களைநண்டு உள்ளங்கை அகல இயந்திரம்தான். வெயிலைத் தின்று உயிர்வாழும். புல்தரையில் ஊர்ந்து களையெடுக்கும். எது களை என்ற பட்டியல் அதற்குள் கிடையாது. ஒரு வீட்டில் வேண்டாத குப்பைமேனி அடுத்த வீட்டில் மருந்து. அதனால் அதைச் செய்த மங்கையர்க்கரசி ஒரே ஒரு பாடம்தான் வைத்தாள்: மனிதர் வெறுங்கையால் எதைப் பிடுங்குகிறார்களோ அது களை. எதில் கையே வைப்பதில்லையோ அது வேண்டிய செடி. ஒரு நண்டு கற்றது எல்லா நண்டுக்கும் போய்ச் சேரும்.

மறுநாள் மாநகராட்சிக் குழு வருகிறது. நகரத்துப் பூங்காக்கள் முழுவதையும் நண்டுகளிடம் விடலாமா என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். மங்கையின் ஆறு வருட உழைப்பு அந்த ஒரு தலையசைப்பில் தொங்கியது. விடியுமுன்னே பட்டறைக்குப் போய்விட்டவள், மதியம் கொழுக்கட்டை சாப்பிட வீடு திரும்பினால், தெருவெல்லாம் செம்மண். புல்தரை இருந்த இடம் உழுத வயலாகக் கிடந்தது.

சங்கத் தலைவர் சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க மங்கை, உங்க நண்டுக்கு என்னமோ புடிச்சுப்போச்சுங்க! அம்புட்டுப் புல்லையும் தோண்டிப்போடுச்சு."

"காலைல யாராச்சும் புல்லைப் புடுங்குனீங்களா?"

"சாமிக்குப் பறிச்சோம். எப்பவும் மார்க்கெட்டுல வாங்கறதுதானுங்க. வாசல்லயே பச்சப்பசேல்னு கெடக்கறப்ப வதங்குனதை எதுக்கு வாங்கோணும்னு நாந்தான் எல்லாருக்கும் சொல்லியுட்டேன். ஆளுக்கு இருபத்தோரு புல்லு. அது ஒரு குத்தமுங்களா?"

மங்கை ஒரு நண்டை எடுத்து அதன் முதுகில் ஓடிய குறிப்பைப் படித்தாள். 'அருகு. ஐம்பத்தெட்டு வீடுகளும் ஒரே காலையில் பிடுங்கின. முட்டிவலிக்காரர்களும் குனிந்தனர். இத்தனை வெறுப்பு இதுவரை எந்தச் செடிக்கும் பதிவானதில்லை.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சோதனை செய்த ஆறு வருடமும் அவள் வீட்டுப் பிள்ளையாருக்குப் பூக்காரம்மா கட்டிக் கொடுத்த அருகுதான். இப்படி ஒரு காலை வரும் என்று தோன்றவே இல்லை. அருகுபோல் வேரோடி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிற ஊரில், அந்த வேரைக் கடைசிக் கணுவரை தோண்டி எடுத்துவிட்டிருந்தன அவள் பெற்ற பிள்ளைகள்.

"சாமிக்குன்னு அதுங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க" என்றார் சென்னியப்பன்.

"சொன்னாக் கேக்காதுங்க. வாய் ஆயிரம் சொல்லும், கையை மட்டும் நம்புன்னு பழக்கி வெச்சிருக்கேன்."

அணைத்துவிடலாம். ஆனால் அணைத்த நண்டை நாளைக்கு யாரிடம் காட்டுவது? ஓடட்டும் என்று விட்டாள். ஆசை யாரை விட்டது!

மறுநாள் காலை குழுத்தலைவி ரெஜினா வந்து இறங்கியபோது தரை பச்சையாகத்தான் இருந்தது. வெற்றிடம் கண்டால் வேண்டிய செடியைக் கொண்டுவந்து நடுவதும் நண்டின் வேலை. ஐம்பத்தெட்டு வீட்டு வாசலிலும், சாண் இடைவெளியில், வரிசை பிசகாமல் பார்த்தீனியம் நின்றது. பக்கத்துக் காலிமனையிலிருந்து வேர் நோகாமல் பெயர்த்து வந்து, தண்ணீரும் விட்டிருந்தன.

"இந்தச் செடியையா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் ரெஜினா.

"தொட்டா அரிக்கும், மேடம். அதனால ஒருத்தரும் கை வெச்சதில்ல. ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கோம். நண்டு அதை மரியாதைன்னு எடுத்துக்கிச்சு."

"மாத்த முடியுமா?"

"முடியும். எல்லா வீட்டுக்காரங்களும் இதை வெறுங்கையால புடுங்கோணும். உறை போட்டா அதுக்குக் கை தெரியாது."

சென்னியப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "எனக்கு ஏற்கெனவே படை இருக்குதுங்க" என்று உள்ளே போனார். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. பிள்ளையாருக்காகக் குனிந்த முதுகு ஒன்றுகூடப் புல்லுக்காகக் குனியவில்லை.

மங்கை மண்டியிட்டு, முதல் செடியைப் பிடுங்கினாள். இரண்டாவது. பத்தாவது. மணிக்கட்டுவரை நெருப்பாக எரிந்தது. ரெஜினா தள்ளி நின்று எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு நண்டு வந்து நின்றது. அதன் முதுகில் எழுத்து ஓடியது: 'பிடுங்கும் கை: ஒன்று. பிடுங்காத வீடுகள்: ஐம்பத்தேழு.'

"பாரு, நல்லாப் பாரு" என்று கையை அதன் முன்னால் நீட்டினாள் மங்கை. "கத்துக்கோ."

நண்டு பார்த்தது. ஊர் மதிக்கிற செடிகளுக்கு நடுவே, யாரும் நடாத ஏதோ ஒன்று ஐந்து கிளையோடு நீட்டிக்கொண்டிருந்தது. அது வந்த இடத்தில் எல்லாம் நல்ல செடி சாய்ந்து கிடந்தது. நண்டு கொடுக்கை விரித்து அவள் சுண்டுவிரலை அடியில் பற்றியது. பின், அறுந்து வேர் தங்கிவிடாதபடி, மெதுவாக ஆட்டி ஆட்டி இழுக்கத் தொடங்கியது.