போர்டை மறைக்கும் வலை

வேளாங்கண்ணிக்கு நடந்து வரும் கூட்டம் அந்தி சாயும் நேரத்தில் ரெத்தினத்தின் லாட்ஜ் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. காவி வேட்டி, காவிச் சேலை, கொப்புளம் உடைந்த கால்கள், தோளில் தூங்கும் பிள்ளைகள். வாசலுக்கு நேரே வந்ததும் அத்தனை பேரும் ரோட்டின் மறுபக்கம் ஒதுங்கிப் போனார்கள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த நீலாம்பாளுக்குப் புரியவில்லை. வழியை மறிக்க அங்கே ஒரு கயிறுகூடக் கிடையாது.

லாட்ஜில் இன்னொரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. சவுக்குக் கம்புச் சாரம் ரோட்டின் மேலேயே துருத்திக்கொண்டு நின்றது. கல் விழுந்தால் தாங்க வலை கட்டணும் என்று கொத்தனார் ஆரம்பத்திலேயே சொன்னார். கட்டினால் லாட்ஜ் போர்டு மறைந்துவிடுமாம். திருவிழா நேரத்தில் போர்டை மறைப்பாரா அவள் புருஷன் ரெத்தினம்? மகாராசன், பிள்ளை பெற்றிருந்தால் அதன் நெற்றியிலும் போர்டு மாட்டியிருப்பார்.

வலைக்குப் பதிலாக அம்சம் என்ற சித்தாளைச் சாரத்தின் கீழே நிறுத்தினார். கையில் சிவப்புத் துணி. போகிறவர்களை "ஓரமா போங்க" என்று விலக்குவதுதான் வேலை. வலை கட்டக் கூடாதா என்று அம்சமும் கேட்டுப் பார்த்தாள்.

"நீதாண்டி வலை" என்று சிரித்தார்.

போன வாரம் செங்கல் அவள் தலையிலேயே விழுந்தது. அவள் சாவுக்கு மாலை அனுப்பினார். அதிலும் லாட்ஜ் பேர் போட்ட ரிப்பன்.

நீலாம்பாள் ரோட்டுக்கு இறங்கி, நடந்து வந்த ஒருத்தியை நிறுத்தி, ஏன் ஒதுங்குகிறீர்கள் என்று கேட்டாள்.

"அந்தச் சிவப்புத் துணிக்காரம்மா சொன்னாங்களே."

அவள் காட்டிய இடத்தில் யாருமில்லை.

ஈரச் சிமெண்டு வாடை மட்டும் வந்தது.

உள்ளே ஓடிப் புருஷனிடம் சொன்னாள். இன்னொரு உயிர் போவதற்குள் வலையைக் கட்டிவிடச் சொல்லி மன்றாடினாள். மனுஷன் பயப்படுவார் என்று நினைத்தது அவள் தப்பு. முகம் மலர்ந்துபோனது.

"செத்தும் வேலைக்கு வர்றா பாரு. அப்புறம் வலை எதுக்கு?"

அதோடு விட்டாரா? விளக்குப் போட்ட போர்டைப் படம் எடுக்க, செல்லைத் தூக்கிக்கொண்டு சாரத்தின் அடியில் போய் நின்றார். வேலையாட்கள் எப்போதோ இறங்கிப் போயிருந்தார்கள்.

மேலே ஒரு கம்பு முனகியது.

"என்னங்க, தள்ளி வாங்க."

"அவ ஒண்ணும் சொல்லலையே" என்றார், செல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நீலாம்பாள் அவரை இழுக்க ஓடினாள்.

குளிர்ந்த கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சிமெண்டு காய்ந்து சொரசொரத்த கை.

"நீங்க ஓரமா நில்லுங்க அக்கா."

செங்கல் விழுந்தது.

உயிர் போகவில்லை. நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட தலையோடு கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது, போர்டு உடையலையே என்றுதான். நீலாம்பாள் ஊருக்குத் திரும்பியதும் கொத்தனாரை வரச்சொல்லி வலை கட்டவைத்தாள். போர்டு முழுக்க மறைந்தது. கூட்டம் யாரும் விலக்காமல் நேராக நடந்து போனது.

இனி அம்சம் போய்விடுவாள் என்று நினைத்தாள்.

அன்று மதியம் சாரத்தில் ஆளில்லை. இலைகூட அசையவில்லை. நீலாம்பாள் அண்ணாந்து பார்த்தாள். ஓர் ஆள் படுத்த அளவுக்கு வலையின் நடுவில் ஒரு தொய்வு விழுந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது.

பார்த்துக்கொண்டே இருக்கையில், அந்தத் தொய்வு மெல்லப் புரண்டு படுத்தது.