நிறைகுடத்தோடு நின்ற முப்பாட்டன்

கப்டன் விட்லொக்கின் விலாப்பக்கம் கிழிந்து தொங்கியது!

ரத்தமில்லை. கப்டன் செத்து நூற்றறுபது வருடம். கிழிந்தது அவருடைய ஓவியம்.

எசன் நகரத் தமிழ் மண்டபம். திரைநீக்கத்துக்கு இன்னும் கால்மணி நேரம்...

"எங்களோட போட்டி போடுற பீலெஃபெல்ட் சங்கத்தான்ர வேலை!" தலைவர் சோதிலிங்கம் குமுறினார். "துரைக்குப் பக்கத்தில நிறைகுடத்தோட நிண்ட என்ர முப்பாட்டனை வெட்டிக்கொண்டு போட்டாங்கள்! முறைப்பாடு எழுது, பிள்ளை! அதுக்கும் முன்கூட்டியே டெர்மின் எடுக்க வேணுமோ?"

"எழுதுவம், அண்ணை." பொலிஸ்காரி தேனுஜா குனிந்தாள். "ஆர் இந்தத் துரை?"

சோதிலிங்கத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. "போர்க்களத்தில வீரன்! அரச கச்சேரியில நீதிமான்! என்ர முப்பாட்டனைக் கேக்காமல் ஒரு குளம் வெட்டினதில்லை!"

செயலாளர் ரஞ்சினி இருமினாள்.

"சண்டைக்குப் போற வழியில குதிரையால விழுந்தவராம், அண்ணை. படைக்குச் சரிவராதெண்டு யாழ்ப்பாணத்தை ஆள விட்டவை."

"குதிரையையே ஆள ஏலாதவருக்கு ஊரோ?" என்ற தேனுஜா சட்டென்று நிறுத்தினாள்.

வெட்டிய விளிம்பில் மஞ்சள் விரல் அடையாளம்... முகர்ந்தாள். சந்தனம்!

"ரஞ்சினியக்கா, சந்தனம் ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"ஆக்கள் இன்னும் வெளியிலதானே! ஒருத்தருக்குமில்லை. முதல் பொட்டு தலைவருக்கெண்டு அண்ணைதான் தானே கிண்ணத்தைத் திறந்து..."

இரண்டு பெண்களும் சோதிலிங்கத்தின் நெற்றியைப் பார்த்தார்கள்.

ஐம்பது சென்ட் காசளவு பொட்டு!

தேனுஜா கையை நீட்டினாள். கோட்டுப் பையிலிருந்து சுருண்ட துணி வெளியே வந்தது. தலைப்பாகையோடு முப்பாட்டன். கையில்...

"பான் நகரத்தில படம் துடைச்ச பெட்டை அழுக்கெல்லாத்தையும் எடுத்துப்போட்டாள்." சோதிலிங்கம் துணியை மறுபடி சுருட்டப் பார்த்தார். "இண்டைக்குக் காலமைதான் பாத்தனான். அது குடமில்லை, பிள்ளை... துரையின்ர மூத்திரச் சட்டி! மகளுக்குப் பாத்த சம்பந்தி வீட்டார் முன்வரிசையில இருக்கப் போகினம். தெரிஞ்சா என்ர மானம் போச்சு!"

தேனுஜா பெருமூச்சு விட்டாள். "சரி. நான் ஒண்டும் எழுதேல்லை."

கதவு திறந்தது.

சம்பந்தி வீட்டார்! ஒவ்வொருவர் கையிலும், வெளியே வரிசையில் கொடுத்த விழா மலர். ஒருவரும் சிரிப்பை அடக்கிக்கொள்ளவில்லை.

ரஞ்சினி வெளிறினாள். "அண்ணை... துடைச்ச படத்தைப் போட்டோ எடுத்து அந்தப் பெட்டை போன கிழமையே அனுப்பினவள். நீங்கள்தானே திறந்தும் பாக்காமல் சொன்னனீங்கள், 'துரையை வெட்டிப்போட்டு முப்பாட்டனை மட்டும் அட்டையில பெரிசாப் போடு' எண்டு? நானும் கவனிக்காமல் அப்பிடியே அச்சுக்கு..."

"எத்தினை?" சோதிலிங்கம் நெற்றிப் பொட்டை அழித்தார்.

"முந்நூறு!"

தேனுஜா ஒரு மலரை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கவலைப்படாதேங்கோ, அண்ணை. சட்டி வலு பளபளப்பா வந்திருக்கு!"